நமக்கு எப்போ ரிட்டயர்மென்ட்?

(கூட்டமைப்பின் பிரதிநிதிகள் கூட்டத்தில் நமது கள ஒருங்கிணைப்பாளர் பேசியதின் எழுத்து வடிவம். வர முடியாத உறுப்பினர்களுக்காக வெளியிடுகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்கலாம்.)



இன்னைக்கு நான் கடன் வசூல் பற்றித்தான் பேசணும்னு நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கு. அதை மேலாளர் பேசுவாங்க. நான் ஒரே ஒரு வார்த்தையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டு வந்திருக்கேன். சின்ன வார்த்தைதான். "ஓய்வு".

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஒரு ஊரில் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவருக்கு விழா நடந்தது. முன்பெல்லாம் பத்திரிகையில் "பணி ஓய்வு பாராட்டு விழா" என்று அடிப்பார்கள். இப்போது பெரும்பாலும் "பணி நிறைவு" என்று போடுகிறார்கள். ஓய்வு என்றால் ஓய்ந்து போன மாதிரி இருக்கிறதாம், நிறைவு என்றால் மரியாதையாக இருக்கிறதாம். சால்வை, மாலை, மோதிரம் எல்லாம் போட்டார்கள். நம் குழு அம்மாமார் பத்துப் பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அதில் ஒரு அம்மா என் காதில் கேட்டாங்க: "ஏம்மா, நமக்கெல்லாம் எப்போ ரிட்டயர்மென்ட்?" பக்கத்தில் இருந்த அம்மா உடனே, "நமக்கா? நாலு பேரு தூக்கிட்டுப் போறப்பதான்" என்றார். எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போற வழியில் பஸ்ஸில்தான் எனக்குச் சிரிப்பு நின்னுது.

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் ஒருவர் வேலையை விட்டால் என்ன வார்த்தை சொல்கிறோம்? வாத்தியார், போலீஸ், மின்வாரியக்காரர் என்றால் "ரிட்டயர் ஆயிட்டார்". கொத்தனார் என்றால் "இப்ப வேலைக்குப் போறதில்ல". நாற்பது வருசம் களை எடுத்து, நாத்து நட்டு, சித்தாள் வேலைக்கும் போன ஒரு அம்மா என்றால்? "முடியல, வீட்டுல சும்மா இருக்கு." அந்தச் "சும்மா"வுக்குள்ள பேரப் பிள்ளையைக் குளிப்பாட்டுறது, ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறது, ரேசன் வரிசையில் நிக்கிறது எல்லாம் இருக்கு. ஆனா வார்த்தை மட்டும் சும்மா. வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனால் வீட்டம்மாவுக்கு நடக்கிறது என்ன? பதினோரு மணிக்கு ஒரு டீ கூடுதலாகப் போடணும், அவ்வளவுதான்.

"ஓய்வு" என்ற சொல்லுக்கு வேர் "ஓய்". மழை ஓய்ஞ்சுது, சண்டை ஓய்ஞ்சுது, அலை ஓயல என்கிறோம். நடந்துகொண்டிருந்த ஒன்று நிற்பதுதான் ஓய்தல். உடம்பு தளர்ந்து போவதற்கும் அதே சொல்தான்: "ஆளே ஓய்ஞ்சு போயிட்டா." ஆக ஒரே சொல்லில் இளைப்பாறுவதும் இருக்கு, ஒடுங்கிப் போவதும் இருக்கு. இலங்கைத் தமிழர்கள் ரிட்டயர் ஆனவரை "இளைப்பாறிய ஆசிரியர்" என்று எழுதுவார்கள். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். மரத்தடியில் சுமையை இறக்கி வைத்தது போல இருக்கு. நம் பெண்களைப் பற்றிப் பேசும்போது இந்த ஓய்வு என்கிற வார்த்தை பெரும்பாலும் எப்படி வருது தெரியுமா? "ஓய்வு ஒழிச்சல் இல்லாம உழைக்கிறா." இல்லை என்று சொல்வதற்குத்தான் அந்த வார்த்தையே நமக்குப் பயன்படுது!

இன்னொன்று. அரசு ஊழியருக்கு எந்த வயதில் ஓய்வு? நம் மாநிலத்தில் ரொம்ப காலம் 58. 2020-ல் 59 ஆக்கினார்கள், 2021-ல் 60 ஆக்கினார்கள். அந்த இரண்டு வருசத்தில் மனுசங்க உடம்பில் எந்த மாற்றமும் வரலை. அரசாணை மாறிச்சு. ஓய்வு வயது என்பது காகிதத்தில் எழுதி வைப்பது. நமக்கு யாரும் எழுதி வைக்கல. அதனால நாம அதைப் பற்றி யோசிக்கிறதும் இல்லை.

அடுத்தது "பென்சன்". இங்கேதான் விசயம் இருக்கு, கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

ஒரு குழுக் கூட்டத்தில், "இங்கே யார் யாருக்குப் பென்சன் வருது?" என்று கேட்டேன். ஆறு பேர் கை தூக்கினார்கள். ஒவ்வொருத்தரிடமும் விசாரித்தால், ஒருத்தருக்கு வருவது தாலுகா ஆபீஸ் மூலம் வரும் முதியோர் உதவித்தொகை. இருவருக்கு விதவை உதவித்தொகை. ஒருத்தர் சத்துணவில் ஆயாவாக இருந்தவர், அவருக்குச் சிறப்பு ஓய்வூதியம். ஒருத்தருக்குக் கணவர் மில்லில் வேலை பார்த்ததற்கான குடும்பப் பென்சன். ஆறாவது அம்மா, "எனக்கு வரல, பேங்க்ல மாசாமாசம் எடுக்கிறான்" என்றார். அது அடல் பென்சன் சந்தா! ஆறு கை, ஐந்து விதமான பணம், வார்த்தை மட்டும் ஒன்று.

தமிழில் இதற்கெல்லாம் தனித்தனி பெயர் இருக்கு. அந்தக் காலத்தில் பென்சனை "உபகாரச் சம்பளம்" என்று எழுதினார்கள். உபகாரம் என்றால் தெரியும்தானே, யாரோ மனம் இரங்கிக் கொடுப்பது. பிறகு வந்த சொல் "ஓய்வூதியம்". ஊதியம் என்றால் இன்றைக்குச் சம்பளம். திருக்குறளில் இலாபம், ஆதாயம் என்ற பொருளில் வரும். எப்படிப் பார்த்தாலும் நாம் சம்பாதித்தது. 1982 டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் நகரா என்பவர் தொடுத்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அரசு ஊழியர் ஓய்வூதியம் பற்றிய வழக்கு அது. ஓய்வூதியம் என்பது முதலாளி விருப்பப்பட்டுக் கொடுக்கும் தர்மம் இல்லை, செய்து முடித்த வேலைக்கான உரிமை என்று நீதிபதிகள் சொன்னார்கள். அதனால்தான் டிசம்பர் 17-ஐ ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு சொல் உபகாரத்தில் இருந்து ஊதியத்துக்கு வந்திருக்கு. ஆனால் "பென்சன்" என்று ஒரே வார்த்தையில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டினால், எது உதவி, எது நம் சொந்தப் பணம் என்பது தெரியாமல் போய்விடுகிறது.

தெரியாமல் போனால் என்ன ஆகும்? ஒரு நடந்த கதை சொல்றேன். இதில் தப்பு செஞ்சவள் நான்.

2013-ல் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் ஏழு வருசம் வேலை பார்த்த ஒரு அக்கா, வேலையை விட்டுட்டாங்க. மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். பி.எஃப். பணம் எடுக்க ஃபாரம் நிரப்பித் தரச் சொல்லி என்னிடம் வந்தாங்க. இரண்டு ஃபாரம். ஒன்று பி.எஃப். பணத்துக்கு, 19-ஆம் நம்பர். இன்னொன்று 10சி, பென்சன் பங்குக்கு. நான் படித்துப் பார்த்து, "அக்கா, பென்சன் பணமும் இருக்கு, அதையும் எடுக்கணுமா?" என்று கேட்டேன். அக்கா கேட்டாங்க, "பென்சன் 60 வயசுல தாலுகா ஆபீஸ்ல தருவாங்கல்ல? அப்புறம் எதுக்கு இது? இதையும் சேர்த்தே எடுத்துருவோம்."

நான் சரின்னு எழுதிட்டேன்.

அந்த அக்கா மனதில் பென்சன் என்றால் முதியோர் உதவித்தொகை. என் மனதில் பென்சன் என்றால் ஃபாரத்தில் உள்ள ஒரு கட்டம். இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னோம், இரண்டு பேரும் வேற வேற விசயத்தை நினைத்தோம். சமூகப்பணியில் முதுகலை படித்திருந்தேன். முதியோர் நலன் என்று ஒரு பாடமே எழுதிப் பாஸ் பண்ணியிருந்தேன். அந்த ஃபாரத்திலேயே "பணமாக வேண்டுமா, திட்டச் சான்றிதழ் வேண்டுமா" என்று கேட்டிருந்தது. சான்றிதழ் என்றால் என்ன என்று நான் யாரிடமும் விசாரிக்கல.

இப்போது அது என்ன என்று சொல்றேன். பி.எஃப். பிடிக்கும் இடத்தில் வேலை செய்தால், நம் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள். முதலாளியும் 12 சதவீதம் கட்டணும். முதலாளி கட்டுவதில் 8.33 சதவீதம் பென்சன் கணக்குக்குப் போகும். பி.எஃப். கணக்கிடும் சம்பளம் 10,000 என்றால் மாதம் 833 ரூபாய். 1995 நவம்பரில் இருந்து இந்தத் திட்டம் நடக்குது. பத்து வருசம் சேர்ந்தால் 58 வயதில் இருந்து சாகும் வரை மாதப் பென்சன். 2014 செப்டம்பரில் இருந்து குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பத்து வருசம் ஒரே மில்லில் இருக்கணும் என்று இல்லை. அங்கே ஐந்து, இங்கே ஆறு என்று சேர்த்துக்கொள்ளலாம். பழைய கணக்கைப் புதிய இடத்துக்கு மாற்றணும், இல்லையென்றால் அந்தத் திட்டச் சான்றிதழை வாங்கி வைத்திருக்கணும். இடையில் பென்சன் பங்கைப் பணமாக எடுத்துவிட்டால், அந்த வருசங்கள் கணக்கில் இருந்து போயிடும். மறுபடி ஒன்றில் இருந்து எண்ணணும்.

அக்காவுக்குப் பென்சன் பங்காக முப்பதாயிரத்துச் சொச்சம் வந்தது. மண்டப வாடகைக்கும் சமையல்காரர் அட்வான்சுக்கும் சரியாப் போச்சு. கல்யாணம் நல்லபடியா நடந்தது, நான் கூடப் போய்ச் சாப்பிட்டேன். அடுத்த வருசமே அக்கா வேற மில்லில் சேர்ந்தாங்க. 2019 வரை ஐந்து வருசம். மூட்டுவலி வந்து நின்னுட்டாங்க. 2025-ல் 58 வயது முடிந்தது. கூட வேலை பார்த்த ஒருத்தருக்குப் பென்சன் வருவதைக் கேள்விப்பட்டு, "எனக்கும் வருமான்னு பாரு" என்று என்னிடமே வந்தாங்க. முந்தின ஏழும் இந்த ஐந்தும் பன்னிரண்டு வருசம். வரவேண்டியது. ஆனால் முந்தின ஏழு இல்லை. மிச்சம் ஐந்து வருசத்துக்கு உண்டான தொகை மொத்தமாக ஒரு தடவை வரும், மாதாமாதம் வராது. முப்பதாயிரம் என்பது குறைந்தபட்சப் பென்சனில் இரண்டரை வருசக் காசு. அக்காவுக்கு அவங்க அம்மா இன்னும் உயிரோடு இருக்காங்க. நீண்ட ஆயுசுக் குடும்பம்.

நான் விசயத்தைச் சொன்னேன். ஃபாரம் நிரப்பியது நான்தான் என்பதையும் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசல. பிறகு, "நீயும் அப்பச் சின்னப் புள்ளதான" என்றாங்க. திட்டியிருந்தால் பரவாயில்லை.

சரி, தாலுகா ஆபீஸ் பணத்தையாவது வாங்கலாம் என்றால், அதற்கு 60 வயது ஆகணும். அதில் இன்னொரு வார்த்தை குறுக்கே நிற்குது: "ஆதரவற்ற". நம் மாநிலத்தில் முதியோர் உதவித்தொகை 1962-ல் மாதம் 20 ரூபாயாக ஆரம்பித்தது. யாரும் இல்லாதவர்களுக்கு என்று ஆரம்பித்த திட்டம், அதனால் அந்தச் சொல் கூடவே வந்திருக்கு. எத்தனையோ அம்மாமார் மனுக் கொடுக்க வந்து, அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். "மகன் இருக்கும்போது நான் எப்படிம்மா ஆதரவில்லாதவள்னு கைநாட்டு வைப்பேன்? அவன் பேரு கெட்டுப் போயிராதா?" ஒரு அம்மாவுக்கு மகன் இரண்டு வருசமாக ஒரு ரூபாய் அனுப்பவில்லை. ஆனாலும் மனுவைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்ட்டாங்க. இதை வறட்டுக் கௌரவம் என்று நான் சொல்லமாட்டேன். உழைத்த காலத்துக்காகக் கொடுக்கிறோம் என்று அந்த மனுவில் எழுதியிருந்தால் நிமிர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பாங்க. 2023-ல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் திட்டம் தொடங்கியபோது "உரிமைத் தொகை" என்று பெயர் வைத்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காக, நம் பெண்கள் மனுக் கொடுக்கப் போன விதமே வேறாக இருந்தது. நீங்களே பார்த்தீர்கள்.

ஆனாலும் சகோதரிகளே, வார்த்தை பிடிக்கவில்லை என்பதற்காகப் பணத்தை விட வேண்டாம். தகுதி இருந்தால் மனுப் போடுங்க. அதை மட்டுமே நம்பி இருப்பதும் சரியில்லை. 2011-ல் 1,000 ரூபாய் ஆக்கினார்கள். அதை 1,200 ஆக்க 2023 வரை ஆனது. பன்னிரண்டு வருசத்தில் கூடியது 200 ரூபாய். அந்தப் பன்னிரண்டு வருசத்தில் அரிசியும் எண்ணெயும் எவ்வளவு கூடிச்சு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது இளவயசுப் பெண்களுக்கு. அடல் பென்சன் திட்டம் 2015-ல் வந்தது. 18 முதல் 40 வயது வரை சேரலாம், வருமான வரி கட்டுபவர்கள் சேர முடியாது. 60 வயதில் மாதம் 1,000-ல் இருந்து 5,000 வரை, நாம் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அது. 1,000 ரூபாய்க்கு 18 வயதில் சேர்ந்தால் மாதம் 42 ரூபாய், 30 வயதில் 116, 40 வயதில் 291. தள்ளிப்போடத் தள்ளிப்போட எப்படி ஏறுது பாருங்க. நமக்குப் பிறகு கணவருக்கு அதே தொகை வரும். இருவருக்கும் பிறகு வாரிசுதாரருக்கு, 1,000 ரூபாய் திட்டம் என்றால் 1 லட்சத்து 70 ஆயிரம். இருபது வருசம் கழித்து 1,000 ரூபாய் என்ன வாங்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் முடிந்தவர்கள் கூடுதல் தொகையைத் தேர்ந்தெடுங்கள் என்கிறேன். 5,000 ரூபாய்க்கு 18 வயதில் மாதம் 210 ஆகும். ஆனால் 40 வயதில் 1,454, அது நம்மில் பலருக்குக் கட்டுப்படியாகாது.

இதில் ஒரு கோளாறு நடக்குது. கடன் வாங்கப் போகும்போது பேங்க்கில் இரண்டு கையெழுத்து வாங்கி இதில் சேர்த்துவிடுகிறார்கள், விளக்கமாகச் சொல்வதில்லை. பாஸ்புக்கில் மாதாமாதம் ஏதோ பிடிக்கிறான் என்று, நம்மவர்கள் கணக்கில் பணம் வைக்காமல் விட்டுவிடுகிறார்கள். நான் முதலில் சொன்ன அந்த ஆறாவது அம்மா அப்படித்தான் மூன்று வருசமாகத் திட்டிக்கொண்டே இருந்தாங்க. அது தன் பென்சன் என்றே அவங்களுக்குத் தெரியல. பாஸ்புக்கில் "ஏ.பி.ஒய்." என்று போட்டிருந்தால் அதுதான்.

கட்டட வேலை, தையல், வீட்டு வேலை செய்பவர்களுக்கு நலவாரியம் இருக்கு. பதிவு செய்து அட்டையைப் புதுப்பித்து வந்தால் 60 வயதில் மாதாமாதம் வரும். அங்கே ஃபாரத்தில் உள்ள வார்த்தை "ஓய்வூதியம்" என்பதைக் கவனியுங்கள், "உதவி" இல்லை. சித்தாள் வேலைக்குப் போற எத்தனை பேர் அட்டை வைத்திருக்கிறோம்? கைகளைப் பார்க்கிறேன்... இவ்வளவுதானா. கணவர் பேரில் அட்டை இருந்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சிமெண்டுச் சட்டி சுமந்தது யார் தலை?

கணவரை இழந்த சகோதரிகளுக்கு ஒன்று. உங்கள் கணவர் பி.எஃப். பிடித்த வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால், பத்து வருசம் ஆகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் பத்து வருசக் கணக்கு உயிரோடு ஓய்வு பெறுகிறவர்களுக்கு. வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கு ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே குடும்பத்துக்குப் பென்சன் உண்டு. இங்கே இருக்கிறவர்களில் இரண்டு பேராவது இதை விட்டிருப்பீர்கள் என்று என் மனதுக்குப் படுது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, மில், பனியன் கம்பெனி எங்கே வேலை பார்த்திருந்தாலும், எத்தனை வருசம் முன்பு என்றாலும், பி.எஃப். நம்பர் உள்ள சம்பளச் சீட்டோ அடையாள அட்டையோ தேடி எடுத்து வாங்க. 2014-க்குப் பிறகு வேலை பார்த்தவர்களுக்கு 12 இலக்க யு.ஏ.என். நம்பர் இருக்கும். ஆதார், பேங்க் பாஸ்புக், பழைய நலவாரிய அட்டை இருந்தால் அதுவும். தீர்மான நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, யாருக்கு எந்தப் பணம் வருது, யாருக்கு எது வரவேண்டியிருக்கு என்று பெயர் போட்டு எழுதுங்க. வெறுமனே "பென்சன்" என்று எழுதாதீங்க. முதியோர் உதவித்தொகையா, பி.எஃப். பென்சனா, அடலா, நலவாரியமா என்று முழுசாக எழுதுங்க. யாராவது இந்த மாதத்தில் 10சி ஃபாரம் நிரப்பப் போகிறார்கள் என்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடி என்னை ஒரு தடவை கூப்பிடுங்க. ராத்திரி என்றாலும் பரவாயில்லை.

மைக்கை மேலாளரிடம் கொடுக்கச் சொல்லிக் கை காட்டுறாங்க. அந்த மில் அக்கா இன்னைக்கு இங்கே வந்திருக்காங்க. அவங்களிடம் கேட்டுவிட்டுத்தான் இதைப் பேசினேன். பேர் சொல்ல வேண்டாம், கதையைச் சொல்லு என்றாங்க. ஊக்குநர்கள் மட்டும் டீ குடித்துவிட்டு இருங்க, ஃபாரம் மாதிரி கொண்டுவந்திருக்கேன், சேர்ந்து வாசிச்சுப் பார்ப்போம்.